முடிச்சூரிலிருந்து கால்பந்து ரசிகராவது எப்படி?

முடிச்சூரில் கால்பந்து ரசிகர்களுக்குப் பஞ்சம் கிடையாது. நடுராத்திரி ஒன்றரை மணிக்கு, தெருநாய்களே குரைத்து ஓய்ந்த பிறகு, ஏதாவது ஒரு மாடி அறையிலிருந்து "கோல்!" என்று கத்தல் கேட்டால் பயப்பட வேண்டாம். லிவர்பூலில் ஒருவர் பந்தை வலைக்குள் அனுப்பியிருக்கிறார். அதற்கு உங்கள் தெருவில் ஒருவர் கட்டிலை விட்டு எழுந்து குதித்திருக்கிறார். மறுநாள் காலை தாம்பரம் ஸ்டேஷனில் சிவந்த கண்களோடு ரயிலுக்கு நிற்பவர்தான் அவர்.

இவர்களுக்கு ஆன்ஃபீல்டு மைதானத்தில் 'காப்' என்கிற பகுதி எந்தப் பக்கம் என்று தெரியும். ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஒரே பக்கத்தில் ஏறக்குறைய 25,000 பேர் நின்றபடியே ஆட்டம் பார்ப்பார்கள் என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். "அந்த மாதிரி ஒரு ஸ்டேடியத்துல ஒரு மேட்ச் பாத்துட்டா போதும் சார், ஜென்மம் சாபல்யம்" என்பார்கள். அவர்களிடம் "பெரியமேட்டுல ஒரு ஸ்டேடியம் இருக்கே, போயிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "நேரு ஸ்டேடியமா? அங்க ஆடியோ லாஞ்ச்தானே நடக்கும்?" என்று பதில் வரும்.

இந்தக் கையேடு அவர்களுக்கானது. இதன்படி நடக்க பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். பத்து ரூபாய் ரயில் டிக்கெட்டும், மேட்ச் டிக்கெட்டும், ஓரளவு நல்ல தொண்டையும் இருந்தால் போதும்.

படி 1: சீசன் நடக்கிறதா என்று விசாரியுங்கள்

இங்கிலாந்து ரசிகருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆகஸ்ட் பிறந்தால் அங்கே லீக் பிறந்துவிடும். நமக்கு அப்படியல்ல. நேரு ஸ்டேடியத்தின் அணியான சென்னையின் எஃப்.சி. ஆடுவது இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.). கொரோனா காலத்தில் 2020-21, 2021-22 ஆகிய இரண்டு சீசன்களையும் மொத்தமாகக் கோவாவில் வைத்து நடத்தி முடித்தார்கள். பெரியமேட்டில் ரசிகர்கள் மறுபடி லீக் ஆட்டம் பார்க்க 2022 அக்டோபர் ஆனது. அப்பாடா என்று மூச்சு விட்டு மூன்று வருடம் ஆவதற்குள், 2025 ஜூலையில், வணிக உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது, மேற்கொண்டு என்ன என்பது தெளிவாகவில்லை என்று சொல்லி அடுத்த சீசனையே நிறுத்திவைத்தார்கள்.

ஆகவே வானிலை அறிக்கை பார்க்கும் முன் லீக் அறிக்கையைப் பாருங்கள். முடிச்சூர்க்காரர்களுக்கு இது பெரிய சிரமமாக இருக்காது. குடிநீர் இணைப்பு, மழைநீர் வடிகால், சாலை என்று எல்லா விஷயத்திலும் "இந்த வருஷம் வந்துரும்" என்று காத்திருந்து பழகிய பொறுமை இங்கே கைகொடுக்கும்.

லீக் இல்லாத காலத்திலும் மனம் தளர வேண்டாம். சென்னைக் கால்பந்துச் சங்கத்தின் சீனியர் டிவிஷன் லீக் ஆட்டங்கள் இதே மைதானத்தில் நடந்திருக்கின்றன. வங்கி, ரயில்வே, துறைமுகம் என்று வேலையோடு பந்தையும் பார்த்துக்கொள்கிறவர்களின் ஆட்டம் அது. கூட்டம் இருக்காது. கோல்கீப்பர் தன் பின்கள ஆட்டக்காரரைத் திட்டுவது வார்த்தை பிசகாமல் காதில் விழும். சென்னைத் தமிழின் வளத்தை அறிய விரும்புவோருக்குப் பரிந்துரைக்கலாம்.

படி 2: வீட்டில் தகவல் தெரிவியுங்கள்

உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மேட்ச்சுக்கு."

"சேப்பாக்கமா? டிக்கெட் கிடைச்சிருச்சா?"

"சேப்பாக்கம் இல்ல. பெரியமேடு. ஃபுட்பால்."

சற்று நேரம் பேச்சு இருக்காது. பிறகு: "பெரியமேடா? அப்ப வரும்போது எனக்கு ஒரு லெதர் ஹேண்ட்பேக் பாத்துட்டு வாங்க."

இதற்கு ஒப்புக்கொள்வதே நல்லது. பெரியமேடு நூறாண்டுக்கு மேலாகத் தோல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். ஆனால் ஆட்டம் முடிந்து நீங்கள் வெளியே வரும்போது கடைகள் மூடியிருக்கும். அதனால் பையை முதலில் வாங்க வேண்டும். பையோடு போனால் மைதான வாசலில் சோதனை. எப்படிப் பார்த்தாலும் ஒரு இடத்தில் திட்டு வாங்கப்போகிறீர்கள். எந்த இடம் என்பது உங்கள் விருப்பம்.

வீட்டில் கிரிக்கெட் பித்துப் பிடித்த மாமனார் இருந்தால் அவரை வேறு வழியில் மடக்க வேண்டும். "ஃபுட்பால் பாக்குறதுக்கா முப்பது கிலோமீட்டர் போறீங்க மாப்ள?" என்று அவர் கேட்பார். அமைதியாகச் சொல்லுங்கள்: "நேரு ஸ்டேடியம் நிக்கிற இடம் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் மாமா. 1956 ஜனவரியில வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிரா முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடிச்சது அங்கதான். அந்த உலக சாதனையை முறியடிக்க 2008 வரைக்கும் யாராலயும் முடியல." சேப்பாக்கத்தில் அடித்ததாக இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்த மாமனார் செல்போனை எடுத்துத் தேட ஆரம்பிப்பார். அவர் தேடி முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிடுங்கள்.

படி 3: உடையில் கவனம்

மஞ்சள் போடாதீர்கள்.

இந்தப் படியில் அவ்வளவுதான் விஷயம். இருந்தாலும் ஒவ்வொரு சீசனிலும் யாராவது ஒருவர், ஸ்டேடியத்துக்குப் போகிறோமே என்று, வீட்டில் இருக்கும் ஒரே ஜெர்சியை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். அது சி.எஸ்.கே. ஜெர்சி. முதுகில் தோனியின் 7. சேப்பாக்கத்தில் அது பட்டு வேட்டிக்குச் சமம். பெரியமேட்டில் மஞ்சள் என்பது கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியிலிருந்து 'மஞ்ஞப்படா' ரசிகர் கூட்டம் ரயிலேறி வரும் நாளில் நீங்கள் அப்படி வந்தால், ஒரு பக்கம் நம்மவர்கள் முறைப்பார்கள், மறுபக்கம் முன்பின் தெரியாத நாற்பது பேர் தோளில் கை போட்டு மலையாளத்தில் பாட அழைப்பார்கள்.

சென்னையின் எஃப்.சி.யின் நிறம் நீலம். அபிஷேக் பச்சன், விடா டானி ஆகியோரோடு அந்த அணியின் உரிமையாளர்களில் ஒருவராக இருப்பவர் அதே தோனி. சேப்பாக்கத்தில் மஞ்சள், பெரியமேட்டில் நீலம் என்று அவருக்கே தெளிவாக இருக்கும்போது உங்களுக்கு ஏன் குழப்பம்?

படி 4: எதிர்த்திசையில் பயணம் செய்யுங்கள்

ஆட்டம் பெரும்பாலும் இரவு ஏழரைக்கு. முடிச்சூரிலிருந்து ஐந்து மணிக்காவது கிளம்ப வேண்டும். முடிச்சூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து மேற்குத் தாம்பரம் போய்ச் சேருவதுதான் மொத்தப் பயணத்தில் கடினமான கட்டம். ஐரோப்பிய ரசிகர்கள் வெளியூர் ஆட்டத்துக்குப் போவதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். நமக்கு உள்ளூர் ஆட்டமே வெளியூர் ஆட்டம்தான்.

தாம்பரத்தில் பீச் வண்டி ஏறுங்கள். இங்கே உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் காத்திருக்கிறது. ஊரே வேலை முடித்துப் பீச்சிலிருந்து தாம்பரத்துக்குத் திரும்பும் நேரத்தில் நீங்கள் தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகிறீர்கள். உட்கார இடம் கிடைக்கும், ஜன்னலோரமாகவே கிடைக்கும். எதிரே வரும் வண்டிகளில் படியில் தொங்குகிறவர்களைக் கருணையோடு பாருங்கள். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டும், பராமரிப்புப் பணிக்காக ரயில்களை ரத்து செய்திருக்கிறார்களா என்று காலைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ரயில் பயணம் என்பது பாதி நம்பிக்கை, பாதி பிரார்த்தனை.

இறங்க வேண்டியது பார்க் ஸ்டேஷன். பலகையில் 'சென்னைப் பூங்கா' என்று இருக்கும். பக்கத்திலேயே பறக்கும் ரயிலுக்கு 'பூங்கா நகர்' என்று இன்னொன்று உண்டு. மெட்ரோவில் போகிறவர்களுக்குப் பெரிய பொறி, 'நேரு பூங்கா' என்கிற மெட்ரோ நிலையம். பெயரில் நேரு இருக்கிறாரே என்று அங்கே இறங்கிவிடாதீர்கள். அது சென்ட்ரலிலிருந்து எழும்பூரையும் தாண்டிய நிறுத்தம். அங்கே இறங்கினால் கிக்-ஆஃப் சத்தம் கேட்காது, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஹாரன்தான் கேட்கும்.

படி 5: சரியான கட்டடத்துக்குள் நுழையுங்கள்

பார்க்கில் இறங்கிச் சுரங்கப் பாதையில் சாலையைக் கடந்து, 1913இல் திறந்த ரிப்பன் மாளிகையை எட்டுங்கள். வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தக் கட்டடத்துக்குப் பின்புறம்தான் நமக்கு வேண்டிய இடம். நேரம் இருந்தால் வழியில் அல்லிக்குளம் வணிக வளாகத்தில் எட்டிப்பாருங்கள். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்துபோன பிறகு பழைய புத்தகக்காரர்கள் கடை போட்ட இடம் அது.

மைதானத்தை நெருங்கும்போது இரண்டு பக்கம் கூட்டம் போகும். ஒரு கூட்டத்தின் கையில் பூங்கொத்து, பட்டாசு, முப்பதடி பேனர். அவர்கள் பக்கத்தில் இருக்கும் நேரு உள்விளையாட்டு அரங்கத்துக்குப் போகிறவர்கள். 'பொன்னியின் செல்வன்', 'வாரிசு', 'ஜெயிலர்' என்று பெரிய படங்களின் விழாக்கள் நடந்தது அங்கேதான். அவர்கள் பின்னால் போனால் இரண்டு மணிநேரம் ஹீரோ வருவதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். நீங்கள் பின்தொடர வேண்டியது தோளில் டிரம்மும் கழுத்தில் நீலத் துண்டும் போட்ட மெலிந்த பையன்களை.

படி 6: வாசலில் எதையெல்லாம் இழப்பது

சோதனையில் தண்ணீர் பாட்டில் போகும். சிகரெட், தீப்பெட்டி போகும். சில்லறைக் காசு, பவர் பேங்க், பேனா ஆகியவற்றின் கதி அன்றைக்கு வாசலில் நிற்பவரின் மனநிலையைப் பொறுத்தது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே முதல் பாதியைக் கழிப்பதும் உண்டு. ரயிலில் வந்த உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டில் கட்டிக் கொடுத்த லெமன் சாதத்தை ரிப்பன் மாளிகை ஓரத்திலேயே தின்று முடித்துவிடுவது உத்தமம்.

படி 7: ஓடுதளத்தை மன்னியுங்கள்

உள்ளே நுழைந்ததும் டிவி ரசிகருக்கு ஒரு அதிர்ச்சி ஏற்படும். ஆன்ஃபீல்டில் முன்வரிசைக்காரர் கையை நீட்டினால் த்ரோ-இன் எறிபவரின் சட்டையைத் தொட்டுவிடலாம் என்பதுபோல டிவியில் தெரியும். இங்கே உங்களுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு முழு ஓடுதளம் கிடக்கிறது. நேரு ஸ்டேடியம் தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டியது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தபோது அந்தத் தளத்துக்கு வேலை இருந்தது. கால்பந்து நாளில் அது வெறும் இடைவெளி. இங்கிருந்து வீரரைக் கூப்பிடுவது, மேற்குத் தாம்பரத்தில் நின்றுகொண்டு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கிழக்குத் தாம்பரத்தில் நிற்பவரைக் கூப்பிடுவது போல.

இதற்காகத் தாழ்வு மனப்பான்மை கொள்ளாதீர்கள். லண்டனில் வெஸ்ட் ஹாம் அணி 2016இல் தன் பழைய மைதானத்தை விட்டு ஒலிம்பிக்குக்காகக் கட்டிய மைதானத்துக்குக் குடிபோன நாளிலிருந்து அதன் ரசிகர்கள் இதே குறையைத்தான் சொல்லிப் புலம்புகிறார்கள். பெங்களூரு கண்டீரவா மைதானத்திலும் ஓடுதளம் உண்டு. கொல்கத்தா சால்ட் லேக்கிலும் உண்டு. ஆனால் அந்த சால்ட் லேக்கில்தான் 1997 ஜூலை 13 அன்று, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது 1,31,000 பேருக்கு மேல் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. அன்றைக்கு யாரும் ஓடுதளத்தைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. ஆள் நிறைந்தால் இடைவெளி கண்ணில் படுவதில்லை.

"இருந்தாலும் ஓல்டு டிராஃபோர்டு மாதிரி வருமா?" என்று மனம் அடித்துக்கொண்டால் 2024 மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்செனல் ஆட்டம் முடிந்ததும் மழை பிடித்தது. உலகப் புகழ்பெற்ற அந்த மைதானத்தின் கூரையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியதை உலகமே பார்த்தது. ஒழுகுவதைப் பார்க்க முடிச்சூர்க்காரர் விமானம் ஏறி மான்செஸ்டர் வரை போக வேண்டுமா?

படி 8: உட்காரும் இடம், கத்தும் முறை

முதல் முறை வருகிறவர் செய்யும் தவறு, நடுக்கோட்டுக்கு நேராக, நல்ல உயரத்தில், அமைதியான இருக்கையாகத் தேடுவது. அமைதி வேண்டுமென்றால் டிவியில் சத்தத்தைக் குறைத்தாலே போதுமே. டிரம் சத்தம் எங்கே கேட்கிறதோ அதற்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். 'சூப்பர் மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' என்று சென்னையின் அணிக்கு ரசிகர் குழுக்கள் உண்டு. இவர்களில் பலர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கத்துவார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிவிட்டு ஆட்டத்தையே பார்க்காமல் நிற்கும் அந்தப் பையன்களால்தான் மற்றவர்களுக்கு ஆட்டம் பார்த்த திருப்தி கிடைக்கிறது.

என்ன கத்துவது? கிளப் தன் பங்குக்குத் தந்த முழக்கம் "பொளந்து கட்டு". அது வாயில் வராதவர்கள் தங்கள் சொந்தச் சரக்கைப் பயன்படுத்தலாம். "பாஸ் குடுறா", "ஓடுறா ஓடு", "ரெஃப்ரீ, கண்ணு தெரியல?" ஆகிய மூன்றும் எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தும். ஆஃப்சைடு விதி தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினால், அது நம்ம ஆளுக்கு எதிராக இருந்தால் தப்பு, எதிரணிக்கு எதிராக இருந்தால் சரி. இருபது வருடமாகக் கால்பந்து பார்ப்பவர்களும் இந்த விதியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

கத்தும்போது பக்கத்தில் இருப்பவரைக் கவனியுங்கள். ஒரு பக்கம் ராயபுரத்திலிருந்து வந்த ஆட்டோக்காரர், மறுபக்கம் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிப் பெண், முன்னால் பள்ளிக்கூட ஜெர்சியோடு ஒரு ஃபுட்பால் டீம் முழுசாக, பின்னால் வட சென்னையில் எழுபதுகளில் ஆடியதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பெரியவர். "இவனுங்களுக்கு லெஃப்ட் கால்ல அடிக்கவே தெரியல தம்பி" என்று அவர் தொண்ணூறு நிமிடமும் உங்கள் காதில் சொல்வார். டிவி வர்ணனையாளரை மாற்ற முடியும். இவரை மாற்ற முடியாது.

படி 9: மைதானத்தின் பழைய கதைகளை மனப்பாடம் செய்யுங்கள்

இடைவேளையில் பேச விஷயம் வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் இங்கே நடந்தவை.

பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தின் இடத்தில் இப்போதைய ஸ்டேடியம் எழுந்ததும் 1993இல் நேரு கோப்பைச் சர்வதேசக் கால்பந்து இங்கே நடந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு போனது வட கொரியா. வட கொரியர்கள் பெரியமேட்டில் வந்து ஜெயித்தார்கள் என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். விடாமல் சொல்லுங்கள்.

2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது சென்னையின் அணிக்கு வந்து சேர்ந்தவர் மார்கோ மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிடானிடம் நெஞ்சில் முட்டு வாங்கிய அதே இத்தாலியர். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். அந்த சீசன் முடிவதற்குள் அவருடைய உலகக் கோப்பைக் கூட்டாளி அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவும் வந்துவிட்டார். பிரேசிலின் எலானோ எட்டு கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். டிவியில் மட்டுமே பார்க்க வாய்த்த கால்கள் பெரியமேட்டில் ஓடிய காலம் அது. அப்போது நீங்கள் முடிச்சூரில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் டிசம்பரில் அரையிறுதி. கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் பிளாஸ்டர்ஸ் 3-0 என்று நொறுக்கிவிட்டு வந்தது. இரண்டாவது ஆட்டம் பெரியமேட்டில். இனி என்ன இருக்கிறது என்று நினைத்த நேரத்தில் தொண்ணூறு நிமிடத்துக்குள் நம்மவர்கள் மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது கோல் ஜெஜெ லால்பெக்லுவா, தொண்ணூறாவது நிமிடத்தில். கூடுதல் நேரத்தில், பெனால்டிக்கு மூன்றே நிமிடம் இருக்கும்போது, ஸ்டீஃபன் பியர்சன் ஒரு கோல் போட்டு மொத்த மைதானத்தையும் வாயடைத்து வீட்டுக்கு அனுப்பினார். ஆட்டத்தை ஜெயித்துத் தொடரைத் தோற்ற இரவு. அன்றைக்கு அங்கே இருந்தவர்களை எளிதாக அடையாளம் காணலாம். பியர்சன் என்று சொன்னால் பேச்சை மாற்றுவார்கள்.

அதற்கு மருந்து 2018 மார்ச் 13. எஃப்.சி. கோவாவோடு அரையிறுதி, முதல் ஆட்டம் 1-1. பெரியமேட்டில் 3-0. ஜெஜெ இரண்டு கோல், இன்னொன்று தனபால் கணேஷ். கணேஷ் வியாசர்பாடிப் பையன். 'மினி பிரேசில்' என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த வியாசர்பாடிக்கும் இந்த மைதானத்துக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். லிவர்பூல் ஆளே லிவர்பூலுக்காக கோல் போடுவதைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கொண்டாடலாம், தடையில்லை. நான்கு நாள் கழித்து பெங்களூரில் பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று தோற்கடித்து இரண்டாவது கோப்பையைத் தூக்கினார்கள்.

படி 10: முதல் கோப்பையை முடிச்சூர்க் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்

ரசிகர் என்றால் அணியோடு ஒரு சொந்தம் வேண்டும். அந்தச் சொந்தத்துக்கு முடிச்சூரிடம் வேறு எந்தப் பேட்டையிடமும் இல்லாத பத்திரம் இருக்கிறது. அதன் தேதி 2015.

அந்த நவம்பர் நடுவிலேயே முடிச்சூருக்குள் படகு வந்துவிட்டது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றில் சேர, அது முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் வழியாக எடுத்துக்கொண்டது. பிறகு டிசம்பர் 1. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. தரைத்தளம் என்று ஒன்று இருந்ததையே ஊர் மறந்துபோனது. மாடியில் நின்று ஹெலிகாப்டரைப் பார்த்துக் கையசைத்தவர்களுக்கு அந்த வாரம் ஐ.எஸ்.எல். புள்ளிப் பட்டியல் ஞாபகம் இருந்திருக்காது.

அதே நேரத்தில் சென்னையின் அணியும் தன் வீட்டை இழந்து நின்றது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் பெரியமேட்டில் நடத்த முடியவில்லை. டிசம்பர் 12 அன்று அந்த உள்ளூர் ஆட்டத்தைப் புனேயில் ஆடினார்கள். சொந்த மைதானம் இல்லை, சொந்த ரசிகர்கள் இல்லை. ரசிகர்கள் ஈரப் பாயைக் காயவைத்துக்கொண்டும், மொட்டைமாடியில் சர்ட்டிபிகேட்டுகளைப் பரப்பிக்கொண்டும் இருந்தார்கள். அகதியாகப் போன அணி அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது.

டிசம்பர் 20, கோவா, இறுதியாட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போய்விட்டது. தொண்ணூறாவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையாலேயே பந்து தவறி அவர் வலைக்குள் போய் 2-2. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் ஸ்டீவன் மெண்டோசா அடித்த கோலில் 3-2. சென்னைக்கு முதல் கோப்பை. வெள்ளம் புகுந்த வீடுகளில் டிவி இருந்த இடத்தில் சேற்றுக்கோடுதான் இருந்தது என்பதால், அந்த இரண்டு நிமிடத்தை முடிச்சூரில் பலர் நேரலையில் பார்க்கவில்லை.

இதை மைதானத்தில் பயன்படுத்தும் முறை: அண்ணா நகர்க்காரர் யாராவது "முடிச்சூர்லேர்ந்தா வர்றீங்க? அவ்ளோ தூரமா?" என்று வியந்தால், "2015ல டீமே புனே வரைக்கும் போச்சு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

படி 11: திரும்பி வாருங்கள்

ஆட்டம் முடியும்போது மணி ஒன்பதரையை நெருங்கும். ஜெயித்திருந்தால் வீரர்கள் ஓடுதளம் வரை வந்து கை தட்டுவார்கள். திட்டிக்கொண்டிருந்த பெரியவரும் எழுந்து நின்று தட்டுவார். தோற்றிருந்தால் ரெஃப்ரீயைப் பற்றிய பேச்சு பார்க் ஸ்டேஷன் வரை தாங்கும். மாம்பலத்தில் ஜவுளிப் பைகளோடு ஏறும் குடும்பங்கள் உங்கள் நீல ஜெர்சியைப் பார்த்து, இன்றைக்கு இந்தியா மேட்ச்சா என்று கேட்பார்கள். விளக்க வேண்டாம். கிண்டி தாண்டும்போது ஸ்கோர் மட்டும் சொல்லுங்கள்.

மேற்குத் தாம்பரத்தில் இறங்கியதும் ஷேர் ஆட்டோக்காரர் ராத்திரி ரேட் கேட்பார். இது கூடுதல் நேரம். பேரம் பேசுவது உங்கள் உரிமை, ஆனால் முடிவு அவர் விசிலில்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?
அவசியம். ஆனால் படி 8இல் சொன்ன பெரியவருக்கு இரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் குழந்தை புதுச் சொற்களைப் பயன்படுத்தினால் நாம் பொறுப்பல்ல.

மழை வந்தால் ஆட்டம் நிற்குமா?
கிரிக்கெட்டைப் போல நான்கு துளிக்கு நிற்காது. நீங்கள் நிற்பதா வேண்டாமா என்பது ஆதனூர் ஏரி நிலவரத்தைப் பொறுத்தது. ஆட்டத்துக்கு நடுவில் வீட்டுக்கு போன் செய்து தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்கும் ரசிகர்கள் உலகில் வேறு எந்த மைதானத்திலும் அதிகம் இருக்க மாட்டார்கள்.

ஐரோப்பிய அணியை விட்டுவிட வேண்டுமா?
வேண்டாம். நடுராத்திரி ஆட்டம் என்றால் இரண்டுக்கும் நேரம் மோதாது. ஏழரைக்குப் பெரியமேடு, ஒன்றரைக்கு ஆன்ஃபீல்டு. நடுவில் வீடு வந்து சேர்ந்து சாப்பிடக்கூட நேரம் இருக்கிறது.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே டிவியில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாமே?
பார்க்கலாம். ஓடுதளம் தெரியாது, ரீப்ளே உண்டு, பாத்ரூம் பக்கம். ஆனால் ஆட்டத்தின் நடுவில் கேமரா ஒருமுறை காலி இருக்கைகள் மேல் மெதுவாகப் போகும். "இன்று கூட்டம் எதிர்பார்த்த அளவு இல்லை" என்று வர்ணனையாளர் வருத்தப்படுவார். அவர் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்.